இது மேடா, பள்ளமா?

மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் கூட்டம் கூடும். மூழ்கிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைகளில் படம் வரும். ஒருமுறை அங்கே போனபோது நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றது கரையைத்தான். காய்ந்த சரிவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மெல்லிய கோடுகள். தண்ணீர் சில நாள் ஒரே மட்டத்தில் நின்ற இடத்திலெல்லாம் அலை அரித்துக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது. மேடு துருத்திய இடத்தில் கோடு வெளியே வளைந்தது. ஓடை வந்து சேரும் இடத்தில் உள்ளே நுழைந்து திரும்பியது. எங்கே வளைந்தாலும் அது ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

புவியியல் பாடத்தில் சம உயரக் கோடு என்று படித்தோமே, அது இதுதான். அணை நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பின் விளிம்பை வரைந்தால் அது 120 அடிக் கோடு. தண்ணீர் பத்து அடி இறங்கியபின் வரைந்தால் 110 அடிக் கோடு. அடுத்தடுத்த இரண்டு விளிம்புகள் வளைக்கும் பரப்புகளின் சராசரியை உயர வித்தியாசத்தால் பெருக்கி, அடியிலிருந்து மேல்வரை கூட்டிக்கொண்டே வந்தால் கொள்ளளவு கிடைத்துவிடும். மேட்டூருக்கு 93.47 டி.எம்.சி. என்று மனப்பாடமாகச் சொல்கிறோமே, அந்தக் கணக்குக்கு அடியில் இப்படிப்பட்ட கோடுகள்தான் கிடக்கின்றன.

இவ்வளவு எளிய விஷயம் காகிதத்துக்கு வந்ததும் ஏன் மிரட்டுகிறது?

என் அண்ணன் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். செய்முறை நோட்டுக்காகக் குன்னூர்ப் பக்கத்து டோப்போ ஷீட் என்ற நில அளவை வரைபடத்தின் நகல் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, "சித்தப்பா, இது மேடா, பள்ளமா? எல்லாமே சிக்கல் விழுந்த நூல் மாதிரி இருக்கு" என்றாள். அவள் விரல் வைத்த இடத்தில் பழுப்புக் கோடுகள் எல்லாம் ஆங்கில எழுத்து 'வி' போல ஒரே பக்கமாகக் கூர்ந்திருந்தன. அந்தக் கூர் எண் கூடும் பக்கம் பார்த்தால் அது ஓடை. எண் குறையும் பக்கம் பார்த்தால் மலையின் முதுகு. இந்த விதியை அவள் ஏற்கெனவே நெட்டுரு செய்திருந்தாள். ஒப்பித்தும் காட்டினாள். ஆனால் கண்ணுக்கு மலை தெரியவில்லை. நானும் அவள் வயதில் அப்படித்தான் இருந்தேன். குறுக்குவெட்டுப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கினேன். வரைந்தது எந்த மலை என்று தெரியாமலே.

அன்று மாலை மடிக்கணினியைத் திறந்து, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் அதே பகுதியின் உயரத் தரவை ஏற்றினேன். 20 மீட்டருக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். டோப்போ ஷீட்டிலும் அதே இடைவெளிதான். பிறகு அந்தக் கோடுகளை முப்பரிமாணக் காட்சியின் மேல் போர்த்தினேன். நேர் மேலிருந்து பார்க்கும்போது திரையில் இருந்தது அவள் நோட்டில் இருந்த அதே சிக்கல். சுட்டியைப் பிடித்து மெல்லச் சாய்க்கச் சொன்னேன். சாய்க்கச் சாய்க்கக் கோடுகள் பிரிந்து எழுந்தன. அவள் விரல் வைத்த அந்த 'வி', குன்னூர் ஆற்றின் பள்ளத்தாக்காகப் பிளந்தது. எதிர்ப்பக்கம் ஹுலிக்கல் துர்கத்தின் முதுகு நிமிர்ந்தது. "அய்யோ, இதுலதான் நம்ம ரயில் ஏறிச்சா!" என்றாள். திரும்ப மேலே கொண்டுபோய் மலையைத் தட்டையாக்கினாள், மறுபடி சாய்த்தாள். ஏழெட்டு முறை இதையே செய்துகொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் நடந்துகொண்டிருந்தது.

அந்த நீலகிரி மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மலையடிவாரக் கல்லாறு ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் 1,700 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே 20 மீட்டர் கோடுகள் 65 வந்தாக வேண்டும். சாதாரண ரயில் பாதை 100 மீட்டர் ஓடி ஒரு மீட்டர் ஏறும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக 2 கிலோமீட்டர் வேண்டும். நீலகிரிப் பாதையோ கடுமையான இடங்களில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அதாவது 240 மீட்டருக்கு ஒரு கோடு. அதனால்தான் கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்வரிசை வருகிறது. வரைபடத்தில் அந்தப் பாதையைப் பென்சிலால் தொடர்ந்தால், 1899-இல் குன்னூர் வரை பாதை திறந்தவர்கள் மலையோடு நடத்திய பேரம் தெரியும்: கொஞ்ச தூரம் கோட்டோடு ஒட்டிப் போவது, பிறகு ஒரு கோட்டைக் கடப்பது, ஓடை குறுக்கிட்டால் 'வி'க்குள் சற்று நுழைந்து பாலம் போடுவது.

திரையில் எழுந்த மலைக்குள் இருப்பது என்ன? எண்கள்தான். நிலத்தை 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உயரம் எழுதிய பெரிய அட்டவணை அது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பம் ஒன்றை நீட்டியபடி பூமியைச் சுற்றியது. கலத்தில் ஒரு ரேடார் ஆன்டெனா, கம்பத்தின் நுனியில் இன்னொன்று. இரண்டு கண்ணால் பார்க்கும்போது நமக்கு ஆழம் புரிவதுபோல, இரண்டு ஆன்டெனாக்களுக்கும் வந்த எதிரொலியின் வித்தியாசத்திலிருந்து உயரம் கணக்கிட்டார்கள். உலகின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் பதினோரு நாள் பயணத்தில் அளக்கப்பட்டது. எஸ்.ஆர்.டி.எம். என்று இன்று எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் தரவு இதுதான். நம் இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பிய கார்ட்டோசாட்-1 வேறு வழியில் போனது. முன்னே சாய்ந்த கேமரா ஒன்று, பின்னே சாய்ந்த கேமரா ஒன்று. ஒரே இடத்தை இரண்டு கோணத்தில் படம் எடுத்தது. அந்த உயரத் தரவு இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கிடைக்கிறது.

சிதறிக் கிடக்கும் உயர எண்களில் சமமானவற்றைச் சேர்த்து மலையைப் பிடிக்கலாம் என்ற யோசனைக்கு 250 வயது ஆகிறது. 1774-இல் ஸ்காட்லாந்தின் ஷீஹாலியன் மலைக்கு வானியலாளர் நெவில் மாஸ்கலைன் போனார். மலையின் ஈர்ப்பு தூக்குக் குண்டு நூலை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பூமியின் அடர்த்தியைக் கணக்கிடுவது திட்டம். அதற்கு முதலில் மலையின் கன அளவு தெரிய வேண்டும். சார்லஸ் ஹட்டன் என்ற கணித அறிஞர் கையில் நூற்றுக்கணக்கான புள்ளிகளும் உயரங்களும் கொண்ட தாள் வந்து சேர்ந்தது. எண்களின் காட்டில் எதுவும் புலப்படவில்லை. ஒரே உயரமுள்ள புள்ளிகளை மெல்லிய பென்சில் கோட்டால் இணைத்துப் பார்த்தார். மலையின் வடிவம் தாளில் எழுந்து நின்றது. கடலடி, ஆற்றடி ஆழங்களுக்கு இப்படிக் கோடு போடுவது டச்சுக்காரர்களிடம் அதற்கு முன்பே இருந்தது. மலைக்குப் போட்டு, அதைக் கொண்டு பூமியையே எடை போட்டது ஹட்டனின் வேலை. தண்ணீரைப்போல் 4.5 மடங்கு என்று அவருக்கு விடை வந்தது. இன்றைய மதிப்பு 5.5. பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு அவ்வளவு நெருங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஹட்டன் கையால் செய்ததைத்தான் கணினி நொடியில் செய்கிறது. ஒரு கட்டத்தில் 1,596, பக்கத்துக் கட்டத்தில் 1,604 என்றால், 1,600 கோடு இரண்டுக்கும் நடுவே போகிறது என்று தீர்மானித்து இழுத்துக்கொண்டே போகிறது. ஆகவே கோட்டு வரைபடமும் முப்பரிமாணக் காட்சியும் வேறு வேறு அல்ல. ஒரே எண்களின் இரண்டு முகங்கள்.

ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பார்ப்பதற்குத் திரை, அளப்பதற்குக் கோடு. 1:50,000 வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால், 50 மீட்டரில் 20 மீட்டர் ஏறுகிறது, 40 சதவீதச் சரிவு. வீடு கட்ட அஞ்ச வேண்டிய இடம். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும் இதைச் சொல்ல. திரையில் மலையை எத்தனை முறை சுழற்றினாலும் கண்ணால் இந்த எண்ணைப் பிடிக்க முடியாது.

திரை ஏமாற்றவும் செய்யும். இந்த மென்பொருள்களில் உயரத்தை மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தூக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. மூன்று மடங்கு வைத்தால் 30 டிகிரிச் சரிவு 60 டிகிரியாகிவிடும். தேயிலைக்குள் நடந்து ஏறக்கூடிய சரிவு, திரையில் செங்குத்துப் பாறைபோல நிற்கும். விளம்பரத்துக்கும் காணொளிக்கும் இது அழகு. பாடத்துக்கு உதவாது, ஒன்றுக்கு ஒன்று என்றே வைக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் இன்னொரு மயக்கம் உண்டு. வெளிச்சம் மேலிருந்துதான் விழும் என்று கண் நம்பிப் பழகிவிட்டது. படம் எடுத்த நேரத்தில் வெயில் தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தால், பள்ளத்தாக்கு முதுகாகவும் முதுகு பள்ளத்தாக்காகவும் புரண்டு தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும். மேடா பள்ளமா என்ற கேள்வி கோட்டு வரைபடத்துக்கு மட்டும் உரியதல்ல.

மரங்களையும் சொல்ல வேண்டும். எண்டெவரின் ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரை வரை போய்ச் சேரவில்லை. மர உச்சிக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ பட்டுத் திரும்பியது. இடுப்பளவு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி 20 மீட்டருக்கு மேல் வளர்ந்த யூகலிப்டஸ் தோப்பு இருந்தால், கணினி அந்த விளிம்பில் இல்லாத மேடு ஒன்றை வரைந்துவிடும். தரையில் போய்ப் பார்த்தால் ஒரே சீரான சரிவு. ஆளனுப்பி அளந்த டோப்போ ஷீட்டுக்கு இன்னும் மதிப்பு இருப்பது இதனால்தான்.

சமவெளிக்கு வந்தால் கதை தலைகீழ். கல்லாறிலிருந்து குன்னூர் போவதற்குள் 65 கோடுகளைக் கடக்கிறோம். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை சுமார் 80 கிலோமீட்டரில் இரண்டு மூன்று கோடுகள்தான் வரும். டெல்டாவின் பெரும்பகுதி இந்த இரண்டு மூன்று கோடுகளுக்குள்ளேயே படுத்திருக்கிறது. வாய்க்காலும் வரப்பும் அரை அடி வித்தியாசத்தில் வாழும் அந்த மண்ணில், பல மீட்டர் பிழை உள்ள இலவசத் தரவை வைத்துக்கொண்டு வெள்ளம் எங்கே போகும் என்று வண்ணப் படம் காட்டுவது பொறுப்பான வேலை அல்ல. அங்கே விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ லேசர் கதிரால் அளந்த தரவு வேண்டும். அது வரும் வரைக்கும் பரம்படித்துத் தண்ணீர் கட்டி மேடு பார்க்கும் விவசாயியின் கண் எந்த மென்பொருளையும்விட நம்பகமானது. மேட்டூர்க் கரையில் தண்ணீர் போட்ட கோட்டை அவர் வயலுக்குள் தினமும் பார்க்கிறார்.

உயரம் எதிலிருந்து என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேட்டூரின் 120 அடி என்பது அணையின் அளவுகோலில் உள்ள எண். டோப்போ ஷீட்டோ கடல் மட்டத்திலிருந்து எண்ணுகிறது. செயற்கைக்கோளுக்குப் பூமி என்பது வழவழப்பான கணித உருண்டை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே கடல் மட்டம் அந்த உருண்டையைவிட 100 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நாமும் இருக்கிறோம். திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவியோடு மெரினா மணலில் நின்றால், கடலுக்குக் கீழே 80 மீட்டருக்கு மேல் இருக்கிறீர்கள் என்று சொல்லும். கருவியில் கோளாறு இல்லை. அதன் பூஜ்யம் வேறு.

இந்தக் கோடுகளைப் படிக்கத் தெரிவது தேர்வுக்கு மட்டும் அல்ல. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களின்மேல் மலை சரிந்து வந்தது. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்ட விவரப்படி, சரிவு தொடங்கிய இடம் 1,550 மீட்டர் உயரத்தில்; சேறும் பாறையும் ஓடிய தூரம் சுமார் 8 கிலோமீட்டர். ஓடிய வழி ஆற்றின் வழி. மலையடிவாரத்தில் மனை வாங்குகிறவர்களும் விடுதி கட்டுகிறவர்களும் தங்கள் இடத்துக்கு மேலே கோடுகள் எப்படி நெருங்கியிருக்கின்றன, 'வி'க்கள் எந்த ஓடையில் போய்ச் சேருகின்றன என்று ஒருமுறை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மழை எப்போது, எவ்வளவு என்பதை வரைபடம் சொல்லாது. வந்தால் எந்த வழியாக வரும் என்பதைச் சொல்லும்.

இப்படிப் பார்க்கக் கையால் தொட்டும் பழகலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆலிவர் க்ரேலோஸ் குழு ஒரு மணல்தொட்டி செய்தது. வீடியோ கேம் கேமரா ஒன்று மணலின் உயரத்தை மேலிருந்து அளக்க, புரொஜெக்டர் உடனுக்குடன் மணல்மேலேயே கோடுகளை வீசும். கையால் மணலைக் குவித்தால் கோடுகள் நகரும். அந்த வசதி இல்லாத பள்ளிக்கு ஒரு சேனைக்கிழங்குத் துண்டு போதும். மேடும் பள்ளமும் உள்ளதாகப் பார்த்து நேர்ச் சுவருள்ள பாத்திரத்தில் வைத்து, ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, விளிம்பைச் சுற்றிக் கீறிக்கொண்டு, அடுத்த சென்டிமீட்டர் ஊற்ற வேண்டும். முடிந்ததும் வெளியே எடுத்து நேர் மேலிருந்து பார்த்தால் அதுதான் வரைபடம்.

புவியியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் ஓப்பன் சீரிஸ் வரைபடங்கள் கிடைக்கின்றன. பாடநூலில் உள்ள கற்பனை மலையை விட்டுவிட்டு, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றோ கரடோ உள்ள தாளை எடுங்கள். ஓடைகளை நீலப் பென்சிலிலும் முதுகுகளைச் சிவப்புப் பென்சிலிலும் பிள்ளைகளையே முதலில் குறிக்கச் சொல்லுங்கள். தப்பாகக் குறித்தாலும் விடுங்கள். அதற்குப் பிறகு கணினியைத் திறந்து மலையைச் சாய்த்துக் காட்டுங்கள்.