‘ஏமாந்தார்’ என்னும் சொல்

நாளிதழைப் புரட்டும்போது அண்மைக் காலமாக ஒரே வகைச் செய்தி மீண்டும் மீண்டும் கண்ணில் படுகிறது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், அல்லது பேராசிரியை ஒருவர், அல்லது மருத்துவர் ஒருவர். மும்பைக் காவல்துறை என்றோ சிபிஐ என்றோ சொல்லிக்கொண்டு வந்த ஒரு காணொளி அழைப்பு. சில நாள்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே ‘டிஜிட்டல் கைது’. முடிவில், வாழ்நாள் சேமிப்பு முழுவதும் முன்பின் அறியாத கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செய்தியைப் படித்து முடித்ததும் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் வாக்கியம் இதுதான்: “இவ்வளவு படித்தவர்கள்கூட இப்படியா ஏமாறுவார்கள்?”

மோசடிக்காரர்களின் தந்திரங்களைப் பற்றி இவ்விதழிலும் பிற இடங்களிலும் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இம்முறை அந்த ஒற்றை வாக்கியத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறோம். செய்தியைப் படிப்பவர் அதனை யாருக்கும் தீங்கு நினைத்துச் சொல்வதில்லை. ஆயினும் அதற்கு ஒரு விலை உண்டு. அது ரூபாயில் கணக்கிடத்தக்க விலை.

முதலில் அளவைப் பார்ப்போம். நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் அளித்த விவரப்படி, 2024-ஆம் ஆண்டில் இந்தியர்கள் இணையவழி நிதி மோசடிகளில் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் அது 7,465 கோடியாக இருந்தது. டிஜிட்டல் கைதும் அதனைச் சார்ந்த குற்றங்களும் குறித்து மட்டும் 2024-இல் பதிவான புகார்கள் 1,23,672. இழப்பு 1,935 கோடி. ஒன்றேகால் லட்சம் பேரை ‘விவரமில்லாதவர்கள்’ என்று ஒதுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது எளிதன்று.

இச்செய்திகளில் ஊடகங்கள் கையாளும் வினைச்சொல்லைக் கவனித்திருக்கிறீர்களா? தெருவில் ஒருவரைக் கத்திமுனையில் நிறுத்திச் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஓடினால், ‘சங்கிலி பறிப்பு’ என்று தலைப்பு வருகிறது. அங்கே செயலைச் செய்தவன் திருடன். பூட்டை உடைத்து நகையை எடுத்தால் ‘கொள்ளை’. அதுவும் கொள்ளையன் செய்த வேலையே. ஆனால் காணொளியில் மிரட்டி ஒருவரின் பணத்தைப் பறித்தால் மட்டும், ‘ஒரு கோடி ரூபாயை ஏமாந்த முதியவர்’ என்று எழுதுகிறோம். பறித்தவன் வாக்கியத்தைவிட்டே மறைந்துபோகிறான். பறிகொடுத்தவர் எழுவாயாகி, குற்றத்தைத் தாமே செய்தவர்போல நிற்கிறார். இலக்கண நுணுக்கம் என்று இதனைத் தள்ளிவிடலாம். ஆனால் அந்த முதியவர் மறுநாள் அதே தலைப்பைப் படிப்பார். அவருடைய மருமகளும் பக்கத்து வீட்டுக்காரரும் படிப்பார்கள்.

‘பேராசை பெருநஷ்டம்’ என்னும் பழமொழியும் இச்செய்திகளோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. முப்பது நாளில் பணம் இரட்டிப்பாகும் என்னும் முதலீட்டு மோசடிகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். டிஜிட்டல் கைதுக்குச் சற்றும் பொருந்தாது. இங்கே யாரும் எதற்கும் ஆசைப்படவில்லை. உங்கள் பெயரில் வந்த கூரியர் பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு தொடங்கிய கணக்கில் கறுப்புப் பணம் புரள்கிறது என்று சொல்லித்தான் கதை தொடங்குகிறது. பயந்து நடுங்குபவர் பேராசைக்காரரல்லர். பெரும்பாலும் அவர் வாழ்நாளில் காவல் நிலையப் படியையே மிதிக்காதவர். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தவர் என்பதனாலேயே சட்டத்தின் பெயரைச் சொன்னதும் அடங்கிப்போகிறார். அவருடைய நேர்மையே அவரைப் பிடிக்கும் தூண்டிலாகிறது. நமக்கு இது மிகவும் உறுத்துகிறது.

பயம் வந்தபின் நடப்பவை எல்லாம் ஒரு திட்டத்தின்படி நடக்கின்றன. கேமராவை அணைக்கக் கூடாது. அறையைவிட்டு வெளியே போகக் கூடாது. மனைவியிடமோ மகனிடமோ சொல்லக் கூடாது. சொன்னால் அவர்களும் குற்றவாளிகளாவார்கள். உறக்கமில்லை, கலந்துபேச ஆளில்லை, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயே சீருடை அணிந்து திரையில் அமர்ந்திருக்கிறது. அதன் பின்னர்தான், ‘உங்கள் பணம் தூய்மையானதா என்று சரிபார்க்க வேண்டும், ரிசர்வ் வங்கியின் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்ததும் திரும்பிவிடும்’ என்னும் பேச்சு வருகிறது.

2024-இல் லூதியானாவில், நாடறிந்த ஜவுளிக் குழுமம் ஒன்றின் தலைவரிடம் இவ்விதமாக 7 கோடி ரூபாய் பறிக்கப்பட்டது. அவருக்காகப் போலி உச்சநீதிமன்ற விசாரணை ஒன்றே காணொளியில் நடத்திக் காட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைகளை நடத்தியவர் அவர். ஒப்பந்தங்களையும் வழக்குகளையும் அறியாதவரல்லர். அதே ஆண்டின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் நடந்ததோ இன்னும் விசித்திரம். பன்னாட்டுப் பொறியியல் நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவு ஊழியருக்கு, ரகசியப் பணப் பரிமாற்றம் செய்யுமாறு ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருக்கு ஐயம் எழவே செய்தது. ஆனால் காணொளிக் கூட்டத்தில் தலைமை நிதி அதிகாரியும் தமக்குத் தெரிந்த சக ஊழியர்களும் அமர்ந்து பேசுவதைக் கண்டதும் ஐயம் நீங்கிவிட்டது. 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவைத்தார். அக்கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட பொம்மை முகங்கள்! கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னது இந்த அளவுக்குப் பலிக்கும் என்று அவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதனையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘டிஜிட்டல் கைது’ என ஒன்று இந்தியச் சட்டத்தில் இல்லை. பிரதமரே 2024 அக்டோபரில் ‘மனதின் குரல்’ வானொலி உரையில் இதனை எடுத்துரைத்தார். இதைவிட முக்கியமான ஒன்று போதிய அளவுக்குப் பேசப்படவில்லை என்பது நம் எண்ணம். கைது செய்யப்படும் ஒருவரைப் பற்றி அவருடைய உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தெரிவிப்பது காவல்துறையின் கடமை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த நெறிகளில் இதுவும் ஒன்று. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது சட்டமாகவே இருக்கிறது. தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையையும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும் உரிமையையும் அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு தருகிறது. ஆகவே, ‘வீட்டில் யாரிடமும் சொல்லாதே’ என்று ஒரு குரல் ஆணையிட்டால், அந்த ஆணையே அது காவல்துறையின் குரல் அன்று என்பதற்குச் சான்று. மெய்யான காவல்துறை வீட்டாரிடம் சொல்லக் கடமைப்பட்டது.

இனி அந்த விலைக்கு வருவோம். பறிக்கப்பட்ட பணம் ஓரிடத்தில் தங்குவதில்லை. முதல் கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் அது ஐந்தாகவோ பத்தாகவோ பிரிந்து வேறு வங்கிகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து மீண்டும் பிரிகிறது. சில இடங்களில் ஏடிஎம்மில் ரொக்கமாகிறது, சில இடங்களில் கிரிப்டோ நாணயமாகிறது. தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைத் தெரிவித்தால், அத்தகவல் பணம் சென்ற வங்கிக்கு உடனே போகிறது. தொகை அங்கே இருந்தால் அந்த வங்கி அதனை முடக்கிவைக்கிறது. இல்லாவிட்டால் அடுத்து எங்கே போனது என்று தெரிவிக்க, துரத்தல் தொடர்கிறது. 2025-இன் நடுப்பகுதி வரை இவ்வழியில் காப்பாற்றப்பட்ட தொகை 5,489 கோடி ரூபாய் என்று அரசு தெரிவித்திருக்கிறது. எல்லாம் வேகத்தைப் பொறுத்தது. முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லப்படும் புகாரும், நான்கு நாள் கழித்துச் சொல்லப்படும் புகாரும் ஒன்றல்ல.

அந்த நான்கு நாள்கள் எப்படிக் கழிகின்றன? பெரும்பகுதி வெட்கத்தில் கழிகிறது. அழைப்பு துண்டிக்கப்பட்டு, நடந்தது என்னவென்று புரிந்த கணத்தில் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது உதவி எண் அன்று. ‘படித்தவர்கள்கூட இப்படியா’ என்று தம் வீட்டுக் கூடத்தில் பலமுறை கேட்ட அந்த வாக்கியம்தான். மகன் என்ன சொல்வான், மருமகன் முன் எப்படி நிற்பது, ஊரில் தெரிந்தால் என்னாவது என்று எண்ணிக்கொண்டே ஓரிரவைக் கழிக்கிறார். தானாகவே பணத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று அந்த எண்ணுக்கே மீண்டும் அழைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த ஓரிரவு மோசடிக் கும்பலுக்குப் போதும்.

வங்கி விதிகளும் நேரத்தையே முதன்மையாகக் கருதுகின்றன. அங்கீகரிக்கப்படாத மின்னணுப் பரிவர்த்தனைகள் குறித்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் மூன்றாமவரால் இழப்பு நேர்ந்து, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. கடவுச்சொல்லையோ ஓடிபியையோ வாடிக்கையாளரே பகிர்ந்திருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரைச் சேரும். ஆனால் தெரிவித்தபின் நேரும் இழப்பு வங்கியைச் சேரும். மிரட்டலுக்குப் பணிந்து தாமே பணம் அனுப்பிய நிலை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே இவ்விதியின் பாதுகாப்பை எதிர்பார்க்க இயலாது. பணத்தை வழியிலேயே மறிப்பதுதான் அங்கே நம்பத்தக்க வழி. அதனாலேயே வெட்கத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கே கூடுதல் விலை பெறுகிறது.

பணம் போய் விழும் அந்த முதல் கணக்கு யாருடையது என்பதும் கேட்கத்தக்க கேள்வி. பல நேரங்களில் அது ஏதோ ஒரு கல்லூரி மாணவருடையது, அல்லது வேலை தேடும் இளைஞருடையது. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குத் தம் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் ‘வாடகைக்கு’ விட்டவர். தாம் எதுவும் செய்யவில்லையே என்று அவர் நினைக்கிறார்; காவல்துறை முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். இத்தகைய வாடகைக் கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியிருக்கிறது. வீட்டில் கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருப்பின், இந்தப் பத்தியை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள்.

திரையில் சீருடையோடு பேசுபவனும் எப்போதும் நாம் நினைக்கும் ஆள் அல்லன். மியான்மரின் தாய்லாந்து எல்லையில், மியாவாடியைச் சுற்றியுள்ள மோசடி மையங்களில் நல்ல வேலை என்று நம்பிப் போய்ச் சிக்கிய இந்தியர்கள் பலர். 2025 மார்ச்சில் இரண்டு நாள்களில் 549 பேரை விமானப்படை விமானங்கள் தாயகம் கொண்டுவந்தன. அவர்களைப் பற்றிய செய்திகளிலும் நாம் ‘ஏமாந்தார்கள்’ என்றே படித்தோம்.

நீதிமன்றத்தின் பெயரே இக்குற்றத்தில் களவாடப்படுவதால் உச்சநீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. ஹரியாணாவின் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர், போலி நீதிமன்ற ஆணைகளைக் காட்டித் தங்களிடம் ஒரு கோடிக்கு மேல் பறிக்கப்பட்டது குறித்துக் கடிதம் எழுதினார்கள். அதன் அடிப்படையில் 2025 அக்டோபரில் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பரில் விசாரணையை சிபிஐயிடம் ஒப்படைத்தது. இதில் நம் கருத்தில் நிற்பது அந்தக் கடிதம். வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு முதியவர்கள் எழுதிய ஒரு கடிதம் நாடு முழுவதற்குமான விசாரணைக்கு வழி திறந்தது.

வங்கிக் கிளைகளுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடிக்க வரும் முதியவரிடம், “எதற்காக ஐயா?” என்று கேட்பதைச் சிலர் அத்துமீறல் என்று கருதுகிறார்கள். நம் பணம், நம் விருப்பம் என்பது சரிதான். ஆயினும் 2024 நவம்பரில் ஹைதராபாதில் வெளிவந்த செய்தியை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது. மூத்த மருத்துவர் ஒருவர் அரசுடைமை வங்கிக் கிளைக்கு வந்து, வைப்புகளை முடித்து 13 லட்சம் ரூபாயை உடனே மாற்ற வேண்டும் என்றார். அவருடைய பதற்றத்தைக் கண்ட ஊழியர் காரணம் கேட்டார். சொந்தச் செலவு என்றார். மேலும் கேட்டபோது சொத்து வாங்கப் போவதாகச் சொன்னார். ஊழியர்களுக்கு அது பொருந்தவில்லை. குடும்பத்தாரோடு வாருங்கள் என்று பணிவாகத் திருப்பியனுப்பினார்கள். அவர் மீண்டும் வந்தார். மீண்டும் மறுமொழி அதுவே. மறுபடியும் வந்தபோது, கிளையிலிருந்தே 1930-ஐ அழைத்து அவரைப் பேசவைத்தார்கள். டிஜிட்டல் கைது என்று எதுவும் இல்லை, அழைப்பைத் துண்டித்துவிடுங்கள் என்று மறுமுனையிலிருந்தவர் சொன்னார். அந்த 13 லட்சம் ரூபாய் கணக்கைவிட்டுப் போகவில்லை.