கம்பத்தின் மேல் ஒரு குடித்தனம்

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வாழும் ஒரு பறவை, குஞ்சு பொரிக்க மரத்தைத் தேடுவதில்லை. யாராவது தன் வீட்டுப் புழக்கடையில் கம்பம் நட்டு, அதன் மேல் வீடு வைத்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. பர்ப்பிள் மார்ட்டின் என்பது அதன் பெயர். தமிழில் ஊதாத் தகைவிலான் எனலாம். பனிக்காலத்தில் நம் ஊர் மின்கம்பிகளில் வரிசை பிடித்து உட்காரும் தகைவிலான் குருவிகளுக்கு உறவு. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. வளர்ந்த ஆண் பறவை வெயிலில் கருநீலமாக மின்னும். குளிர்காலத்தைப் பிரேசில் பக்கம் கழித்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, பெரும்பாலும் போன ஆண்டு குடியிருந்த அதே கம்பத்துக்கே திரும்பி வரும்.

ராக்கி மலைகளுக்கு மேற்கே இருக்கும் இதன் சொந்தக்காரர்கள் இன்னும் மரங்கொத்தி விட்டுப்போன பொந்துகளிலும், பாலைவனத்து சகுவாரோ கள்ளியின் துளைகளிலும் முட்டையிடுகின்றன. கிழக்கே அந்தப் பழக்கம் அநேகமாக அற்றுப்போய்விட்டது. அங்கே மனிதன் தரும் வீடுதான் ஒரே வீடு. அமெரிக்கர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். யோசித்தால் கொஞ்சம் கலக்கமாகவும் இருக்கிறது. ஒரு பறவையின் பிள்ளைப்பேறு முழுவதும் யார் யார் வீட்டுக் கொல்லையிலோ நிற்கும் இரும்புக் குழாய்களை நம்பியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவர்கள் வெள்ளையர்கள் அல்ல. சொக்டா, சிக்கசா பழங்குடியினர் தங்கள் குடிசைக்குப் பக்கத்தில் நிற்கும் இளமரத்தின் உச்சிக் கிளைகளைக் கழித்து, கவைகளை மட்டும் விட்டு, அவற்றில் துளையிட்ட சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டதைப் பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, முதல் கம்பம் வேரோடு நின்ற மரம். அது சாய்வதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பிறகு வந்த குடியேறிகள் பலகையில் வீடு கட்டினார்கள். ஊர்ப்புறச் சத்திரங்களின் பெயர்ப்பலகைக்கு மேலேகூட இந்தப் பறவைக்கு ஒரு பெட்டி இருக்கும் என்றும், பெட்டி எவ்வளவு அழகோ சத்திரமும் அவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஓவியர் ஆடுபான் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

இல்லினாய் மாநிலத்தில் கிரிக்ஸ்வில் என்று ஒரு சிற்றூர். 1960-களில் அங்கே டி.வி. ஆன்டெனா தயாரித்துக்கொண்டிருந்த ஜே.எல். வேட் என்ற தொழிலதிபர், அதே அலுமினியத்தில் பறவை வீடுகளும் செய்யத் தொடங்கினார். தெருவெங்கும் கம்பம் நட்டார்கள். ஊர் நடுவே சுமார் 70 அடி உயரத்தில், ஐநூறுக்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட ஒரு பறவைக் கோபுரமே எழுந்தது. வியாபாரத்துக்குக் கைகொடுத்த விளம்பரம்: ஒரு பறவை ஒரு நாளில் 2,000 கொசுக்களைத் தின்னும்! இது சுத்தக் கற்பனை. பறவை பகலில் உயரே பறந்து தும்பி, வண்டு, ஈ என்று பிடிக்கிறது. கொசுவோ அந்தி சாய்ந்த பிறகு தரையை ஒட்டிப் பறக்கிறது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம். 1968-ல் ஹெர்பர்ட் கேல் என்ற பறவையியலாளர் இந்தக் கணக்கை உடைத்தெறிந்தார். ஆனாலும் பொய்யான காரணத்துக்காக நடப்பட்ட கம்பங்களில் நிஜப் பறவைகள் குடியேறிவிட்டன. கொசு போகவில்லை, குருவி பிழைத்தது.

ஆன்டெனாக்காரர் இந்தத் தொழிலுக்கு வந்தது தற்செயல் அல்ல. 1980-களில் ரூபவாஹினி பார்ப்பதற்காக மொட்டைமாடியில் இரும்புக் குழாய் ஏற்றிய தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதன் சூத்திரம் தெரியும். உச்சியில் இருப்பதன் எடை பெரிய விஷயமே இல்லை, காற்றுதான் எதிரி. உச்சியில் மோதும் காற்றின் விசை முழுவதும் குழாயை அடியில் வளைக்கப் பார்க்கிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் அடியில் விழும் வளைவு விசையும் இரட்டிக்கும். அதனால் கம்பம் உச்சியில் ஒடிவதில்லை. தரைமட்டத்தில் மடங்கும், அல்லது மண்ணோடு பெயரும். ஆன்டெனாவுக்கு மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிச் சமாளித்தோம். இங்கே அது உதவாது. இழுத்துக் கட்டிய கம்பி, அணிலுக்குப் போட்டுத் தந்த ஏணி. கம்பம் தன் காலில் தானே நிற்க வேண்டும்.

எனவே வேலை தரைக்குக் கீழே ஆரம்பிக்கிறது. இரண்டு மூன்று அடி ஆழத்தில் குழி. அடியில் நீர் வடிய ஜல்லி. அதன் மேல் கான்கிரீட். அனுபவசாலிகள் கம்பத்தை நேராகக் கான்கிரீட்டில் புதைப்பதில்லை. சற்றே பெரிய குழாய் ஒன்றை உறையாகப் புதைத்து, கம்பத்தை அதற்குள் இறக்கிப் போல்ட் போடுகிறார்கள். துருப்பிடித்தாலோ, இடம் மாற்ற நேர்ந்தாலோ அடித்தளத்தை உடைக்காமல் கம்பத்தை மட்டும் உருவிக்கொள்ளலாம். கான்கிரீட்டின் மேற்பரப்பு சற்று மேடாக, வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் கம்பம் அந்த இடத்தில்தான் அரிக்கும். கான்கிரீட் இறுகும் முன் ரசமட்டம் வைத்தோ, தூக்குக்குண்டு விட்டோ இரண்டு பக்கமும் பார்த்துவிடுவது நல்லது. அடியில் அரை அங்குலம் தவறினால் உச்சியில் வீடு சாய்ந்து நிற்கும்.

உயரம் 12 முதல் 15 அடி போதும். மரங்கள் 40 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். மனிதர்கள் நடமாடும் வீட்டுக்கு அருகில் இருப்பதுதான் பறவைக்குப் பிடிக்கிறது. பருந்துக்கும் ஆந்தைக்கும் மனிதன் காவல் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது போலும்.

பாம்பும், ராக்கூன் என்ற மரமேறி விலங்கும் கம்பத்தில் ஏறாமலிருக்க, நடுவில் அகலமான தகரக் குழாயைத் தொப்பிபோல மாட்டுகிறார்கள். கிரீஸ் தடவலாமே என்று தோன்றும். கூடாது, இறகில் ஒட்டினால் பறவைக்கே ஆபத்து.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஏற்றிய வீட்டை இறக்க முடிய வேண்டும். குஞ்சு பொரிக்கும் காலத்தில் வாரம் ஒரு முறையாவது வீட்டைக் கீழே கொண்டுவந்து திறந்து பார்க்கிறார்கள். நனைந்த கூட்டை மாற்ற வேண்டும், செள்ளுப்பூச்சி பெருகியிருந்தால் சுத்தம் செய்ய வேண்டும், முட்டையையும் குஞ்சையும் எண்ணிக் குறிக்க வேண்டும். அடியில் கீல் வைத்துச் சாய்க்கும் கம்பம் மலிவு. ஆனால் வீடும் சேர்ந்து சாயும். முட்டை உருண்டு உடையும். எனவே ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் குழாய்க் கம்பம், அல்லது உச்சியில் கப்பியும் அடியில் கைப்பிடி உருளையும் கொண்ட கம்பம்.

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம் பக்கம் வளர்ந்த தமிழருக்கு இந்தக் கப்பிக் கம்பத்தை விளக்கவே தேவையில்லை. 2001-ல் சுரங்கம் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாக அவர்கள் பார்த்தது இதன் ராட்சத வடிவத்தை: சுரங்கவாயின் மேல் இரும்புக் கோபுரம், உச்சியில் சக்கரம், அதன் மேல் ஓடும் இரும்பு வடம், முனையில் ஆள் ஏறும் கூண்டு. அங்கே கூண்டு நிலத்துக்குள் இறங்கியது. இங்கே புல்தரைவரை இறங்குகிறது. இரண்டிலும் சட்டம் ஒன்றே. கூண்டு நிமிர்ந்தபடி இறங்க வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். மேலே ஏற்றும்போது வீடு கொஞ்சம் திரும்பிப்போனால்கூடத் தாய்ப்பறவை தன் அறையைத் தவறவிடும். சதுரக் குழாயைப் பலர் விரும்புவது இதனால்தான். அதில் வீடு சுற்றாது. அறைக்கு எண் எழுதி வைப்பவர்களும் உண்டு.

வீட்டை இறக்குவதற்கு இன்னொரு காரணம் சிட்டுக்குருவி. ஆம், மார்ச் 20-ஆம் தேதி நாம் தினம் கொண்டாடும் அதே சிட்டுக்குருவி! 1850-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுபோய் விடப்பட்ட குருவி, கண்டம் முழுவதும் பரவிவிட்டது. தகைவிலானின் அறைக்குள் புகுந்து முட்டையைக் குத்திப்போடுகிறது, குஞ்சையும் கொல்கிறது. 1890-ல் சென்ட்ரல் பார்க்கில் விடப்பட்ட ஐரோப்பிய மைனா இன்னும் முரடு. அதைத் தடுக்க வாசலைப் பிறை வடிவில், உயரம் 30 மில்லிமீட்டராகக் குறைத்து வெட்டுகிறார்கள். மைனா நுழையாது, குருவி நுழையும். குருவிக்கு மருந்து ஒன்றுதான்: வீட்டை இறக்கி, அதன் கூட்டை வெளியே எடுத்துப் போடுவது. வாராவாரம். நாம் அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு வருந்தி அழைக்கும் விருந்தாளியை அங்கே பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். குருவியின் மேல் குற்றமில்லை. கப்பலில் ஏற்றியவன் மனிதன்.

பறவைக்காகக் கம்பம் நடுவது நமக்கும் புதிதல்ல. அகமதாபாத்தின் பழைய குடியிருப்புகளில் சபூத்ரோ என்ற வேலைப்பாடு மிக்க பறவைத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. மேலே மாடம், அதில் தானியம். தஞ்சை வயல்களில் எலி பிடிக்க வரும் ஆந்தை உட்காரட்டும் என்று டி வடிவக் குச்சி நடுகிறார்கள். மலேசியாவில் இது ஒரு படி மேலே போயிருக்கிறது. தமிழர்கள் உழைத்த செம்பனைத் தோட்டங்களில், பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலிகளுக்கு எதிராகக் கூகைக்குக் கம்பத்தின் மேல் பெட்டி வீடு வைத்தார்கள். செம்பனை மரத்தில் கூகை தங்கப் பொந்து கிடையாது; பெட்டி வைத்தால்தான் வரும். ஊரில் ஆந்தை அலறினால் கல்லெடுத்தவரின் பேரன் தோட்டத்தில் அதற்கு வீடு மாட்டினான் என்பது நல்ல கதைதான்.

ஆனால் கூகைக்குப் பெட்டி இல்லாவிட்டால் கோயில் கோபுரம் இருக்கிறது, கிணற்றுப் பொந்து இருக்கிறது. கிழக்கு அமெரிக்கத் தகைவிலானுக்கு மாற்று இல்லை. பறக்கும் பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னாத பறவை அது. நாலைந்து நாள் குளிர்மழை பிடித்தால் பட்டினி. 1972 ஜூனில் ஆக்னஸ் சூறாவளி கொண்டுவந்த மழையில் வடகிழக்கு மாநிலங்களில் குடும்பம் குடும்பமாகச் செத்தன. இன்று அப்படி மழை பிடித்தால், கம்பத்தடியில் நின்று பொரித்த முட்டைத் துணுக்குகளைக் கரண்டியால் சுண்டி மேலே எறிகிறார்கள். பறவை அதைப் பூச்சி என்று எண்ணி அந்தரத்தில் கவ்வுகிறது. பழகிய பிறகு கம்பத்தில் மாட்டிய தட்டிலேயே வந்து தின்னும்.

இப்படிச் செய்ய ஆள் வேண்டும். 1987-ல் பென்சில்வேனியாவில் தொடங்கப்பட்ட பர்ப்பிள் மார்ட்டின் பாதுகாப்புச் சங்கத்தின் பெரிய கவலையே அதுதான். 1966 முதல் நடந்துவரும் கணக்கெடுப்பில் பறவையின் எண்ணிக்கை சரிவைக் காட்டுகிறது. கம்பம் பராமரிப்பவர்களுக்கோ வயதாகிறது. பெரியவர் காலமாகிறார், வீடு கைமாறுகிறது, புதிதாக வந்தவர் கொல்லையில் துருவேறி நிற்கும் குழாயைப் பழைய இரும்புக்குப் போடுகிறார். அடுத்த வசந்தத்தில் பறவைகள் வந்து சேரும்போது, கம்பம் இருந்த அதே இடத்தில், அதே உயரத்தில், வெற்று வெளியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.