வழங்கி இயங்குதளத்தில் மேசைக்கணினி மென்பொருள்கள்

கோப்பு, மின்னஞ்சல், வலைப்பக்கம் போன்ற சேவைகளைப் பல பயனர்களுக்கு ஒரே நேரத்தில் அளிக்கும் கணினிக்காக உருவாக்கப்பட்டது வழங்கி இயங்குதளம். பேச்சு வழக்கில் சர்வர் என்போம். இதை வீட்டுக் கணினியில் நிறுவி, தட்டச்சுக்கும் படம் பார்க்கவும் பயன்படுத்த முடியுமா? முடியும். எந்த இயங்குதளம் என்பதைப் பொறுத்து அதில் படும் பாடு கூடும், குறையும்.

விண்டோஸ் சர்வர்

விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கும் விண்டோஸ் சர்வர் 2008-உம் ஒரே கெர்னலைக் கொண்டவை. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி. அது ஒன்றாக இருப்பதால், ஒன்றில் இயங்கும் மென்பொருள் பெரும்பாலும் மற்றதிலும் இயங்கும். வேறுபாடு இருப்பது அமைப்புகளில். மேசைக்கணினிப் பதிப்பு, நாம் திரையில் திறந்து வைத்திருக்கும் நிரலுக்கு முன்னுரிமை தரும். சர்வர் பதிப்பு பின்னணிச் சேவைகளுக்குத் தரும். 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், நிறுவும்போதே ‘டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறினால் கட்டளைச் சாளரம் மட்டுமே கிடைக்கும். வீட்டுப் பயனுக்கான நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்கள் பல, சர்வர் என்று தெரிந்ததும் நிறுவ மறுத்துவிடும்.

பெரிய சிக்கல் உரிமம். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு. கெடு முடிந்தபின் கணினி மணிக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். ஆலங்குடியில் எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் இதை அறியாமல் இறுதியாண்டுத் திட்டப்பணி முழுவதையும் அதிலேயே செய்துவந்தார். ஒப்படைக்கும் வாரத்தில் கெடு முடிந்தது. கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் சர்வர் பதிப்பை அப்படியே வீட்டுப் பதிப்பாக மாற்ற வழியில்லை. புதிதாக நிறுவி, எல்லா மென்பொருள்களையும் மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. செலவில்லை என்று நம்பி இதில் இறங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

லினக்ஸ்

இங்கே கதை வேறு. டெபியனில் வழங்கிக்கு என்று தனிப் பதிப்பே இல்லை. நிறுவும்போது மேசைச் சூழல் வேண்டுமா என்று கேட்கும், அவ்வளவுதான். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி பெற்ற மாணவர்கள் பலர் அதைத் திரையில் பார்த்திருப்பார்கள். திறந்து பார்த்தவர்கள் குறைவு.

உபுண்டுவில் சர்வர், டெஸ்க்டாப் என இரு பதிப்புகள் உண்டு. ஆனால் 12.04 பதிப்பிலிருந்து இரண்டுக்கும் பொதுவான கெர்னலே வருகிறது. சர்வர் பதிப்பில் ‘உபுண்டு-டெஸ்க்டாப்’ என்ற பொதியை நிறுவினால் வழக்கமான திரை வந்துவிடும். நினைவகம் 2 ஜிபி மட்டும் உள்ள பழைய மடிக்கணினி என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய சூழல் நல்லது. லிப்ரே ஆபீஸ், தமிழ்99 தட்டச்சு, வீடியோ இயக்கி எல்லாம் அதில் இயங்கும். அதே கணினியில் சாம்பா நிறுவி, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் பாடக் கோப்புகளைப் பகிரலாம்.

திரை வந்தபின் வைஃபை பட்டியல் தென்படவில்லை என்றால் பதற வேண்டாம். சர்வர் பதிப்பில் வலையமைப்பைக் கவனிப்பது வேறொரு சேவை. நெட்பிளான் கோப்பில் அந்தப் பொறுப்பை நெட்வொர்க் மேனேஜருக்கு மாற்றி, கணினியை மறுபடி தொடங்கினால் பட்டியல் தோன்றும்.