மோர்ட்டார் ஃபியூஸ்: வருஷம் எங்கே எழுதியிருக்கு?

ஜி.எஸ்.டி. ரோட்டில் காலேஜ் பஸ்ல போறவங்களுக்கு சிங்கப்பெருமாள் கோயில் தெரியும். அங்கிருந்து உள்ளே போனால் அனுமந்தபுரம். அங்கே பாதுகாப்புப் படைகள் சுட்டுப் பழகும் தளம் இருக்கிறது. எந்தத் தளத்திலும் சுட்ட குண்டெல்லாம் வெடித்துவிடாது. 2019 ஆகஸ்டில் திருப்போரூர் அருகே மானாமதியில், கோயில் குளத்துப் பக்கம் கிடைத்த மர்மப் பொருள் வெடித்து உயிர் போனது ஞாபகம் இருக்கலாம்.

மோர்ட்டார் குண்டின் மூக்கில் திருகியிருப்பதுதான் ஃபியூஸ். வீட்டு மெயின் போர்டு ஃபியூஸ் இல்லைங்க, குண்டை வெடிக்க வைக்கும் பாகம். நம்ம கடற்கரை உப்புக்காற்றில் பெயின்ட் உரிந்தாலும், உலோகத்தில் குத்திய எழுத்து நிற்கும். மாடல் எண், மார்க் எண், தயாரித்தவர் குறி, லாட் எண், தேதி இதெல்லாம் அதில் இருக்கும்.

பலர் சறுக்கும் இடம், மாடல் எண்ணை வருஷம்னு நினைப்பது. அமெரிக்க எம்52 ஒன்றும் 1952ல் வந்ததில்லை, இரண்டாம் உலகப்போரிலேயே புழங்கியது. பிரிட்டிஷ் 152 என்பது வெறும் வரிசை எண். '8/43' மாதிரி தனியாகக் குத்தியிருப்பதுதான் தேதி: 1943 ஆகஸ்ட். பிரிட்டிஷ் சரக்கில் மார்க் எண் ரோமன் எழுத்தில் இருந்தால், அந்த வடிவம் பெரும்பாலும் 1944 வரைக்குமானது. அப்புறம் சாதாரண 1, 2, 3க்கு மாறிட்டாங்க. அகன்ற அம்புக்குறி அரசு சொத்துக்கான முத்திரை. அதோடு 'ஐ' சேர்ந்திருந்தால் பிரிட்டிஷ் இந்திய அரசு.

சரி, '43ன்னு தெரிஞ்சா எண்பது வருஷப் பழசு, செத்துப்போயிருக்கும்னு நினைக்காதீங்க. சுடும்போது வரும் அதிர்வில் ஃபியூஸின் பாதுகாப்புப் பூட்டு விலகிவிடும். விழுந்தும் வெடிக்காத குண்டில் ஊசி எந்த நிலையில் நிற்குதுன்னு வெளியிலிருந்து சொல்லவே முடியாது. கெமிஸ்ட்ரி இன்னும் மோசம். டெட்டனேட்டரில் லெட் அசைடு இருந்து, ஈரம் புகுந்து, பக்கத்தில் பித்தளையும் இருந்தால் காப்பர் அசைடு உருவாகலாம். லேசான உரசலே அதற்குப் போதும். இதனால்தான் லெட் அசைடை அலுமினியக் குப்பியில் அடைக்கிறார்கள்.

அதனால் எழுத்தைப் படிக்கும் ஆசையை மியூசியத்தோடும் போட்டோவோடும் வச்சுக்கோங்க. மாமல்லபுரம் மணலிலோ காட்டிலோ துருப்பிடித்த உருளை கண்ணில் பட்டால் துடைக்காதீங்க, திருப்பாதீங்க, காயலான் கடைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. வந்த வழியே திரும்பி, தள்ளி நின்று மற்றவங்களையும் தடுத்து, 112க்கு அடிச்சு இடத்தைச் சொல்லுங்க.