எட்டடி விரியனும் செயற்கைச் சுவாசமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இரவில் தரையில் படுத்துறங்குவோரை எட்டடி விரியன் தீண்டினால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியும்போது இமை தொங்கும், பிறகு மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். விஷமுறிவு மருந்து இருக்க அதிதீவிர சிகிச்சைப் பிரிவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நஞ்சு நரம்பு முனைகளையே சிதைப்பதால், பிந்தி ஏற்றும் மருந்து அந்தச் சேதத்தை மீட்காது. முனைகள் மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைத் தாங்கும்.

1952இல் கோப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது மயக்க மருந்து வைத்தியர் பியோர்ன் இப்சன் காட்டியதும் இதையே. தொண்டையில் இட்ட குழாய் வழியே மாணவர்கள் முறைவைத்துக் கையால் காற்றூட்ட, இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. செலவு மிகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் விரியன் தீண்டியவர் கண்மணி விரிந்து, மூளைச்சாவடைந்தவர்போல் அசைவற்றுக் கிடந்தாலும் கட்டிலருகே பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம். இயந்திரத்தை நிறுத்த அவசரப்படவே கூடாது.