கட்டாரைவிடத் தூரம் கட்டுநாயக்க

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கட்டாரின் தோஹாவுக்கு ஆகாயவழி சுமார் 3,600 கிலோமீற்றர். விமானம் ஐந்து மணித்தியாலத்தில் போய்விடுகிறது. மட்டக்களப்பின் கரடியனாற்றிலிருந்து கட்டுநாயக்கவுக்குத் தரைவழி 300 கிலோமீற்றர்தான் வரும். அதற்கு ஏழெட்டு மணித்தியாலம்.

விடியப்புறம் நாலு மணி விமானமென்றால் இரவு ஒரு மணிக்கே நிலையத்தில் நிற்கவேண்டும். ஆகவே முதல்நாள் பின்னேரமே பதுளை வீதியில் வேன் வந்துவிடும். நிறுத்துப் பார்த்து, திறந்து, இரண்டு சாமானை வெளியே எடுத்து, மறுபடி நிறுத்த சூட்கேஸ். அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணி. வாழையிலையில் புளிச்சோறு. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவளோடு ஏழெட்டுப் பேர் ஏறுகிறார்கள். செங்கலடிச் சந்தி தாண்டும்வரை ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நாலு மணிக்கு ஏறி ஆறரைக்கு இறங்குவதாக டிக்கெற் சொல்லும். அது அந்தந்த ஊர் நேரம்; கட்டார் கடிகாரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கோ 8,700 கிலோமீற்றர். போக ஏறத்தாழ 11 மணித்தியாலம். திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று தள்ளிவிடுவதால் நேரம் குறையும்.

வானத்தில் காற்று என்றால் தரையில் யானை. புனானைக் காட்டிலும் ஹபரணைப் பக்கத்திலும் இரவில் எந்த வளைவில் நிற்குமென்று சொல்லமுடியாது. மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் வீதியே மூடிவிடும். அதே மன்னம்பிட்டியில்தான் 2023 ஜூலை இரவொன்றில் பஸ் ஆற்றில் விழுந்து பல உயிர்கள் போயின. இரவு முழுக்க ஓடிவந்த வேன் சாரதி, ஆட்களை இறக்கிய கையோடு அதே வீதியில் திரும்பவேண்டும். அவர் எப்போது கண்ணயர்வார்? பயண நேரக் கணக்கில் இந்தக் கேள்வி எங்குமே வருவதில்லை.

இத்தனைக்கும் மட்டக்களப்பு வாவியோரம் ஓர் ஓடுபாதை கிடக்கிறது. போர்க்காலம் முழுவதும் விமானப்படை வசமிருந்த நிலையம், 2018 மார்ச்சில் பொதுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அங்கிருந்து கட்டுநாயக்க நேர்கோட்டில் 200 கிலோமீற்றர்; எழுபது பேர் ஏறும் விசிறி விமானத்துக்கு முக்கால் மணித்தியாலம் போதும். சென்னைகூட 600 கிலோமீற்றர்தான். மட்டக்களப்புக்கு வந்துபோகும் சிறு விமானங்களின் கட்டணமோ கரடியனாற்றுக் குடும்பத்துக்கு எட்டாது. ஆசனம் நிரம்பாது, நட்டம் வரும் என்கிறவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கு 2019 நவம்பரில் தொடங்கிய சென்னைச் சேவை, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் பறக்கத் தொடங்கியது.

அவள் தோஹாவில் இறங்கும்போது இலங்கையில் காலை ஒன்பது மணி. வழியனுப்பிய வேன் அப்போதுதான் செங்கலடிச் சந்தியில் கரடியனாற்றுப் பக்கம் திரும்புகிறது.