மடிக்கணினிக்கு எந்த டிரைவர்?

கொழுந்து லாரியை எந்த லாரி டிரைவரும் ஓட்டிவிடுவார். கியா பார்ம் வளைவுகளை அறிந்தவர் ஓட்டினால் நமக்குத் தனி நிம்மதி. மடிக்கணினியின் திரை, ஒலி, வைஃபை ஆகியவற்றை இயக்கும் சிறு மென்பொருளுக்கும் டிரைவர் என்றே பெயர்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே, ஏற்கும் கணினிகளில் விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுகிறோம். அது பொது டிரைவர்களைத் தன்னோடு கொண்டுவரும். மீதியை இணையத்திலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். பெரும்பாலும் அதுவே போதும்.

ஆனால் வைஃபை டிரைவரே இல்லையென்றால் இணையம் எப்படி வரும்? நாம் ஒருமுறை இதை மறந்து, ஒரு மாணவியின் கணினியைத் துடைத்துவிட்டோம். மறுநாள் அனுப்ப வேண்டிய பாடம் நின்றுபோயிற்று.

ஆகையால், துடைக்குமுன் பிள்ளையின் பாடங்களைப் பென்டிரைவில் சேமியுங்கள். கணினியின் அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரையும் எடுத்து வையுங்கள். நிறுவியபின், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி தெரியும் பாகத்துக்கும், சரியாக வேலை செய்யாத பாகத்துக்கும் மட்டும் நிறுவனத்தின் டிரைவரைப் போடுங்கள். நன்றாக ஓடுவதை மாற்ற வேண்டாம். முன்பின் தெரியாத தளங்களில் டிரைவர் எடுக்கவே வேண்டாம்.